பச்சையில் வந்த கரண்ட்

ஒரு வீட்டுக்கு ஒயரிங் முடித்ததும் நான் முதலில் செய்கிற காரியம், மேடம், சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான். நாள் முழுக்க ஒயரின் மேல்தோலைச் சீவினால் விரல் நுனியில் ஒரு பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். அதோடு சாப்பிட உட்கார எனக்குப் பிடிக்காது. முப்பத்தோரு வருஷப் பழக்கம். உங்கள் ஆட்கள் என்னை அழைத்துப்போக வந்தபோதும் கைதான் கழுவிக்கொண்டிருந்தேன். அதில் வேறு அர்த்தம் எதுவும் பார்க்க வேண்டாம்.

எழுதிக்கொள்கிறவருக்கு வேகம் போதவில்லை போலிருக்கிறது. நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். அவருக்கும் சௌகரியம், எனக்கும் எதுவும் விட்டுப்போகாது.

நிறத்திலிருந்து ஆரம்பித்தால்தான் நடந்தது உங்களுக்குப் பிடிபடும். வீட்டு ஒயரில் மூன்று நிறம். சிவப்பில் கரண்ட் வரும். கறுப்பில் திரும்பிப் போகும். ஓடியாடி உழைப்பது இந்த இரண்டும்தான். மூன்றாவது பச்சை, எர்த் ஒயர். அது சாமானின் இரும்பு உடம்பில் தொடங்கி நேரே மண்ணுக்குள் போகும். சாதாரண நாளில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. என்றைக்காவது கரண்ட் தடம் மாறி இரும்பில் ஏறினால், மனுஷன் கை வைப்பதற்குள் அதை வாங்கி மண்ணில் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. இப்போது நிறங்களை மாற்றிவிட்டார்கள். சிவப்புக்குப் பழுப்பு, கறுப்புக்கு நீலம். பச்சையை மட்டும் பச்சையாகவே விட்டு ஒரு மஞ்சள் கோடு போட்டதோடு சரி. உலகத்தில் எந்த ஒயர்மேனும் பச்சையைப் பார்த்துப் பயப்பட மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பான்.

என் தங்கை எனக்கு ஒன்பது வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்ததால் அவளை நான்தான் வளர்த்தேன். தலை பின்னிவிட்டது, ஸ்கூல் நோட்டில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது எல்லாம் நான். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அவளால்தான் கூடவில்லை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

அவளை ஒரு காயில் கட்டுகிறவருக்குக் கொடுத்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, உள்ளே செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றித் தருகிற தொழில். ஒடிசலான ஆள். அதிர்ந்து ஒரு வார்த்தை வராது. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட இவர்தான் மன்னிப்புக் கேட்பார். கோபமே வராத மனிதர்கள் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. இருந்தாலும் மாப்பிள்ளை என்று மரியாதையாகத்தான் நடத்தினேன். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு இரண்டு வயதாகும்போது சொந்த வீடு கட்டினார்கள். ஒயரிங் முழுக்க நான் செய்தேன். வேறு யாரையும் கிட்டவே விடவில்லை.

அந்த வீட்டு பாத்ரூமில் இருந்த பழைய ஹீட்டர் இந்த வருஷம் சொட்ட ஆரம்பித்தது. பிளாஸ்டிக் உடம்பு வைத்தது, பதினான்கு வருஷம் உழைத்திருந்தது. புதிதாக ஸ்டீல் உடம்பு வைத்த ஹீட்டர் வாங்கினார்கள். கடையிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். முப்பது வயசிருக்கும், சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற ஆள். நான் அன்றைக்கு வெளியூர் வேலையில் இருந்தேன். பழையதைப் பிளம்பர் முன்பே கழற்றிப் போட்டிருந்ததால், சுவரிலிருந்து சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றும் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் எது எங்கே போக வேண்டுமோ அங்கே மாட்டினார். பச்சையை ஹீட்டரின் உடம்போடு சேர்த்து முடுக்கினார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் போட்டுப் பாருங்கக்கா, ஏதாவதென்றால் ஒரு போன் அடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கரண்ட் வந்தது. தங்கை சுவிட்சைப் போட்டாள். கால் மணி நேரமாகியும் தண்ணீர் சுடவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள், அதே ஈரக்கையோடு உள்ளே போய், சூடு ஏறியிருக்கிறதா என்று ஹீட்டரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

அவளைக் கண்டது அவள் மகள். பதினாறு வயசு. மெயினை அணைத்துவிட்டுத்தான் அம்மாவைத் தொட்டிருக்கிறாள். அந்தப் பதற்றத்திலும் புத்தி வேலை செய்திருக்கிறது.

நான் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் நாலு மணி. உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் நேரே பாத்ரூமுக்குள் போனேன். ஒரு நிமிஷம் நின்று ஹீட்டரைப் பார்த்தேன். வெளியே வந்தேன். அப்போது வாசலில் அந்த ஃபிட்டர் நின்றுகொண்டிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு அவராகவே ஓடிவந்திருக்கிறார். ஓடிப்போகிறவன் வருவானா, அதுகூட அங்கே இருந்தவர்களுக்குத் தோன்றவில்லை. அழுதுகொண்டே, எல்லாம் சரியாகத்தான் மாட்டினேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய வலது கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அது இரும்புக் கதவு. நான் அதை அவர் விரல்கள் மேல் சாத்தினேன். திறந்து இன்னொரு தடவை சாத்தினேன். அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து மறுபடி நிலையில் வைத்து மூன்றாவது தடவை சாத்தினேன். இருபது முப்பது பேர் நின்றிருப்பார்கள். ஒருத்தர்கூடத் தடுக்கவில்லை. கூடப் பிறந்தவன் வயிற்றெரிச்சல், விடுங்கப்பா என்று ஒரு பெரியவர் சொன்னது காதில் விழுந்தது. உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் என் தோளைத் தட்டி, போதுங்க, நாங்க பாத்துக்கிறோம் என்று தணிவாகச் சொன்னார். அப்புறம்தான் விட்டேன். இரண்டு விரல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரியில் அவற்றை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. கட்டுப் போட்ட கையோடு அவரை உள்ளே வைத்தார்கள். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. அப்போது இந்த நாற்காலியில் உங்களுக்கு முன்னால் இருந்தவர் உட்கார்ந்திருந்தார். அவர் எனக்கு ஆறுதல் சொல்லித்தான் அனுப்பினார்.

அந்த ஃபிட்டர் செய்த வேலையில் ஒரு குறையும் கிடையாது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். எல்லாவற்றையும் நிறத்தின்படி மாட்டியிருந்தார்.

தவறு சுவருக்குள் இருந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், வீடு முடிகிற சமயம். பாத்ரூமுக்கு என் தங்கை தேடித் தேடி வாங்கிய டைல்ஸ், வெள்ளையில் நீலக் கரை போட்டது. கொத்தனார் ஒட்டி முடித்து, கண்ணாடி மாட்ட ஆணியும் அடித்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் நான் கரண்ட் கொடுத்துப் பார்க்கிறேன், சிவப்பு செத்துக்கிடக்கிறது. ஆணி சுவருக்குள் ஒயர் போகிற பைப்பைத் துளைத்துச் சிவப்பை அறுத்துவிட்டது. சரிசெய்ய வேண்டுமானால் நாலு டைல்ஸை உடைக்க வேண்டும். நான் உளியை எடுக்கக் குனிந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கை கதவருகே வந்து நின்றாள். "எவ்வளவு அழகா இருக்கு பாருங்கண்ணா" என்று சொன்னாள். அந்த முகத்துக்கு முன்னால் எப்படி உடைக்கிறது.

உளியைப் பையில் போட்டேன். பச்சை முழுசாக இருந்தது. சுவிட்ச் பக்கம் பச்சையில் கரண்டைக் கொடுத்தேன். மேலே ஹீட்டர் பக்கமும் சிவப்பு போக வேண்டிய இடத்தில் பச்சையை மாட்டினேன். பிளாஸ்டிக் உடம்புதானே, எர்த் இல்லாவிட்டால் இப்போதைக்கு ஒன்றும் குடிமுழுகிவிடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அறுந்த சிவப்பைச் சும்மா நீட்டிக்கொண்டிருக்க விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அவள் மேல் வைத்த பாசத்தில் செய்த காரியம். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

கேட்க வருவது புரிகிறது. கதவைச் சாத்தும்போது எனக்கு இது தெரியுமா என்று. தெரியும். பாத்ரூமில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஹீட்டரின் உடம்பில் பச்சையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் வாசலில் அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவன் அழுதுகொண்டு நிற்கிறான், எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். ஏதாவது செய்துதான் ஆக வேண்டியிருந்தது.

மூன்று வாரம் போனது. மாப்பிள்ளை கடையைத் திறக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்றார்கள். நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் செய்து, கொஞ்சம் வந்துட்டுப் போங்க மச்சான் என்றார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. என் கருவிப் பையோடு போனேன். பழக்கதோஷம், பை இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை.

பெண் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தாள். பாத்ரூமுக்கு வெளியே இருந்த சுவிட்ச் போர்டை மாப்பிள்ளை கழற்றி வைத்திருந்தார். உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் நாலு டைல்ஸைப் பெயர்த்திருந்தார். அறுந்த சிவப்பு வெளியே தெரிந்தது. நீலக் கரை துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. எனக்கு முதலில் அதைப் பார்த்துத்தான் சங்கடமாக இருந்தது.

சுவிட்சில் மாட்டியிருந்த பச்சை ஒயரைக் கழற்றி என்னிடம் நீட்டினார். செம்பு இழைகளை நான் இடது பக்கமாக முறுக்குவேன், மேடம். இடது கைக்காரன். எல்லோரும் வலப்பக்கம் முறுக்குவார்கள். நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடு குடும்பம் நடத்துகிறவருக்கு அது போதும்.

"இது உங்க முறுக்கு மச்சான்" என்றார்.

நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் தரையில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். சண்டை போடுவார், சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருக்கலாம். ஓர் அடி கொடுத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்க்காமல் அந்த டைல்ஸ் துண்டுகளையே பார்த்துக்கொண்டு பேசினார். நேற்று ஜெயிலுக்குப் போய் அந்த ஃபிட்டரைப் பார்த்தாராம். அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறதாம். சாப்பாட்டை இடது கையால் பிசையத் தெரியாமல் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

"நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார். "இந்த ஒயரை நான்தான் மாத்தி மாட்டினேன்னு சொல்லிடுறேன். எனக்கும் ஒயர் வேலை தெரியும், நம்புவாங்க."

ஏன் என்று கேட்டேன். அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"உங்களுக்கு அவ தங்கச்சி மட்டும் இல்ல, மகள் மாதிரி. இதை உங்களால தாங்க முடியாது மச்சான். பிள்ளைக்கும் மாமான்னு ஒருத்தர் வெளியில வேணும். நான் உள்ள போயிட்டு வரேன். நீங்க வேணும்னு செஞ்சீங்களா என்ன. விடுங்க."

சொல்லிவிட்டு என் தோள் மேல் கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

இந்த இடத்தை நிதானமாகக் கேட்க வேண்டும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று பயந்து செய்தேன் என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அவர் காட்டிக்கொடுக்க மாட்டார். அந்த ஜாதி மனுஷன் இல்லை அவர். என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சிறைக்குப் போவார். நான் வாராவாரம் மனு போட்டு அவரைப் பார்க்கப் போக வேண்டும். அவர் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, நல்லாயிருக்கீங்களா மச்சான் என்று கேட்பார். திரும்பி வந்த பிறகும் அதே முகத்தோடு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு நாளும் சொல்லிக்காட்ட மாட்டார். சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டவே மாட்டார். அப்படி ஓர் ஆளுக்குக் கீழே எப்படி இருப்பது, சொல்லுங்கள். நான் வளர்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவர், அவள் சாவுக்கும் என்னை மன்னிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அது அவருக்கு உரிய இடமில்லை.

பையில் சுவர் கொத்துகிற சுத்தியல் இருந்தது. ஒரு கிலோ தலை, கைப்பிடி குட்டை. அவர் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தபோது பின்மண்டையில், காதுக்குச் சற்று மேலே அடித்தேன். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. வாஷ்பேசினைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கை வழுக்கியது. என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்ல வந்தார் என்று தெரியாது. மறுபடியும் விடுங்க என்றே சொல்லியிருப்பார். அதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. இரண்டாவது அடி, பிறகு மூன்றாவது. மூன்றும் ஒரே இடத்தில். முப்பத்தோரு வருஷம் உளித் தலையில் அடித்துப் பழகிய கை, ஒரு நூல் அகலம்கூடத் தள்ளிப்போகாது. ஒரே இடத்தில் விழுந்தால் ஓர் அடியாகத்தான் தெரியும். டாக்டரும் அப்படித்தான் எழுதினார். ஸ்டூலிலிருந்து தவறி விழுந்து பேசின் விளிம்பில் மண்டை மோதியது என்று.

நாலாவது அடி தேவைப்பட்டிருக்காது. அவர் விரல்கள் டைல்ஸ் துண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் பிடிக்காமல் கை மேல் ஒன்று போட்டேன். அதையும் விழுந்த காயத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பிறகு நான் வேலையை முடித்தேன். இதைக் கேட்டு நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். பிள்ளை குடியிருக்கிற வீடு, மேடம். பச்சையில் கரண்டை விட்டுவிட்டுப் போக முடியுமா. அவர் ஏற்கெனவே பெயர்த்திருந்ததால் எனக்குச் சுளுவாகப் போயிற்று. ஆணி துளைத்த இடத்தில் பைப்பை வெட்டி, புதுச் சிவப்பு இழுத்து, பச்சையை எர்த்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நின்று இழுக்க இடம் போதவில்லை. மாப்பிள்ளையின் காலை மட்டும் கொஞ்சம் ஓரமாக நகர்த்த வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஸ்டூலைச் சாய்த்துப் போட்டேன். பேசின் விளிம்பில் பூச வேண்டியதைப் பூசினேன். சுத்தியலைக் கழுவினேன். கையையும் கழுவிக்கொண்டுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

ஒரு மணிக்குப் பிள்ளை கிளாஸ் முடிந்து வந்தாள். தெரு முனையிலேயே போய்க் காத்திருந்து, அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் சட்டையை இறுக்கிப் பிடித்து மாமா மாமா என்று கதறினாள். அம்மா போன துக்கத்தில் மனுஷன் தடுமாறி விழுந்துவிட்டார் என்று ஊரே பேசியது. எனக்கும் மனசு பாரமாகத்தான் இருந்தது. அவள் என்னோடு வந்துவிட்டாள். என் வீட்டு முன்னறையை அவளுக்கு ஒழித்துக்கொடுத்தேன். படிக்க மேசை, அலமாரி, இரும்புக் கழுத்து வைத்த மேசை விளக்கு எல்லாம் போட்டேன். பிள்ளையை ஒரு குறையும் இல்லாமல்தான் வைத்திருந்தேன். காலையில் நானே சமைத்து டப்பாவில் அடைத்துக் கொடுப்பேன்.

நாலு மாதம் ஓடியது. போன செவ்வாய்க்கிழமை, ஏதோ பழைய புத்தகம் வேண்டும் என்று பூட்டிக்கிடந்த அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். மறுநாள் ராத்திரி இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"மாமா, அன்னிக்குக் காலையில கிளாஸுக்குக் கிளம்பும்போது அப்பா என்னைக் கூப்பிட்டு அந்த சுவிட்ச் போர்டைக் காட்டினார். அதுல பச்சை ஒயர் இருந்துச்சு. நேத்துப் போய்க் கழட்டிப் பாத்தா சிவப்பு இருக்கு. யார் மாத்தினது?"

அப்பாதான் மாற்றியிருப்பார், மாற்றி முடித்துவிட்டு இறங்கும்போது விழுந்திருப்பார் என்றேன். பொருத்தமான பதில்தான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அப்பா வலது கைக்காரர் மாமா" என்றாள்.

அடித்தேன். ஒரே ஓர் அடி, திறந்த கையால். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது. நாற்காலியோடு சரிந்து விழுந்ததில் உதடு கிழிந்து, பல் ஒன்று ஆட ஆரம்பித்துவிட்டது. நானே ஐஸ் வைத்து ஒற்றிவிட்டேன். அவள் அழவில்லை. என் கையைத் தள்ளவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதிரி. இனி இந்த முகத்தோடு ஒரு வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது.

நேற்றுக் காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது அவள் மேசை விளக்கைக் கழற்றி, பச்சையையும் பழுப்பையும் ஒன்றின் இடத்தில் ஒன்றாக மாட்டி வைத்தேன். தொழிலுக்கு வந்த நாள் முதல், வேறு வழியே இல்லாமல் ஒரு தடவையும், வேண்டுமென்றே ஒரு தடவையும்தான் நிறத்தை மாற்றியிருக்கிறேன். அவளுக்கு வலி தெரியக் கூடாது என்று நினைத்தேன். அம்மாவுக்கும் தெரிந்திருக்காது, அவ்வளவு சட்டென்று நடந்திருக்கும். அம்மாவும் அப்பாவும் இல்லாமல் ஒரு பெண் தனியாக என்ன பாடுபடுவாள். அவளை அவர்களிடம் சேர்ப்பதில் என்ன தப்பு என்றுதான் அப்போது பட்டது. எழுதிக்கொள்ளுங்கள், ஃபிட்டரின் விரல், மாப்பிள்ளையின் உயிர், இந்த விளக்கு, மூன்றும் நான் செய்தவை. தங்கையை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். அது ஆணி செய்தது.

அவள் விளக்கைத் தொடவே இல்லை என்கிறீர்கள். விளக்கின் சுவிட்சைப் போடும் முன்னால் அதன் இரும்புக் கழுத்தில் டெஸ்டரை வைத்துப் பார்த்தாளாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதைப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நேரே பஸ் ஏறி உங்களிடம் வந்தாளாம். இதோ உங்கள் மேசை மேலேயே இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அந்த சுவிட்ச் போர்டையும் நீங்கள் கழற்றிப் பார்த்தாயிற்று. சிவப்பு இடப்பக்கம் முறுக்கியிருக்கிறது, அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் என் மேல் மனு எழுதி அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறாள் என்று சொல்கிறீர்களே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. என்னோடு அத்தனை ஒட்டுதலாக இருந்த பிள்ளை. அவளாக இதைச் செய்திருக்க மாட்டாள். கண்டித்து வளர்க்கப் பெற்றவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள் இல்லையா, யாரோ அவள் மனசைக் கெடுத்துவிட்டார்கள்.